வானேட்டில் நாம் எழுதிய ஒரு பெயர்



பத்து ஆண்டுகளாக இளங்கோவையும் கம்பரையும் பாரதியையும் பேசிக் களித்த இந்த அவையில் இன்று நான் ஒரு கல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நடுகல் அன்று, கல்வெட்டும் அன்று. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் ஞாயிற்றைச் சுற்றிவரும் எண்ணற்ற பாறைகளுள் ஒன்று. அதன் எண் 4130; பெயர் ராமானுஜன். வானியலுக்கு இலக்கிய மேடையில் என்ன வேலை என்று எவரேனும் எண்ணக்கூடும். பெயரிடுதல் மொழியின் தொழில். ஒரு பொருளுக்கு யார் பெயரிட்டார், எந்த உரிமையால் இட்டார், அந்தப் பெயர் எவரை நினைவில் வைத்தது, எவரை விட்டுவிட்டது என்று பார்ப்பது இலக்கியம் கற்றாருக்குப் புறம்பான வேலை ஆகாது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். மேனாட்டார் இப்பாறைகளை 'ஆஸ்டிராய்டு' என்கின்றனர். விண்மீன் போன்றது என்பது அதன் பொருள். 1802ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் அந்தச் சொல்லைக் கொடுத்தார். தொலைநோக்கியில் புள்ளியாக மட்டும் தெரிந்தமையால் அப்படி அழைத்தார். தோற்றத்தைக் கண்டு வைத்த பெயர். நம் முன்னோரோ வானத்து ஒளிகளை நாண்மீன் என்றும் கோண்மீன் என்றும் இரண்டாகப் பகுத்தனர். ஒன்றற்கொன்று இடம் மாறாது நிற்பவை நாண்மீன். அவற்றினூடே இடம் பெயர்பவை கோண்மீன். அந்தப் பகுப்பு இயக்கத்தைக் கண்டு செய்தது. ஆகவே சிறுகோள், குறுங்கோள் என்று இன்று நாம் வழங்கும் சொற்கள் மூலச் சொல்லைவிடப் பொருத்தமானவை என்பது என் துணிபு. சிறுகோளைக் கண்டுபிடிக்கும் முறையே நம் முன்னோர் செய்த அந்தப் பகுப்புத்தான். நூறு புள்ளிகளுள் எது நகர்கிறது என்று காண வேண்டும், வேறொன்றும் இல்லை.

முதற் சிறுகோளை 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாசி என்பார் கண்டார். தீவின் தெய்வமான சீரிஸ் பெயரையும் தம் மன்னர் பெர்டினாந்தின் பெயரையும் சேர்த்துச் சூட்டினார். தெய்வம் நின்றது, மன்னரைப் பிற நாட்டார் ஏற்கவில்லை. அதன்பின் கண்டவற்றுக்குப் பெரும்பாலும் கிரேக்க, உரோமானியப் புராணங்களின் பெண் தெய்வப் பெயர்களே வரிசையாக வந்தன.

அந்த வரிசையில் நம் சென்னை 1861ஆம் ஆண்டு சேர்ந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டில் எழுந்த வானாய்வுக் கூடத்துக்கு 1861இல் நார்மன் போக்சன் தலைமை ஏற்று வந்தார். வந்த சில மாதங்களிலேயே, ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைக் கண்டார். அன்று ஒளிப்படம் எடுத்துத் தேடும் முறை இல்லை. விண்மீன் படத்தை விளக்கொளியில் ஒருமுறை பார்ப்பதும், தொலைநோக்கியில் ஒருமுறை பார்ப்பதுமாக, படத்தில் இல்லாத புள்ளி எது என்று கண்ணால் ஒப்பிட்டுத் தேடுவர். அப்படிக் கிடைத்த அந்தக் கோளுக்கு, வரிசையில் 67ஆவது, போக்சன் 'ஆசியா' என்று பெயரிட்டார். கிரேக்கப் புராணத்தில் ஆசியா ஒரு தெய்வப் பெண். ஆகவே மரபு வழுவவில்லை. ஆசியக் கண்டத்தில் முதன்முதலாகக் கண்டெடுத்த சிறுகோள் அதுவே. ஆகவே இடமும் குறிக்கப்பட்டது. இரட்டுற மொழிதல் நமக்குப் புதிதன்று. அந்த ஆங்கிலேயரும் அதில் வல்லவராகவே இருந்திருக்கிறார். அவர் 1864இல் கண்ட இன்னொன்று 80 சாப்போ. சாப்போ கிரேக்கத்துப் பெண்பாற் புலவர். நுங்கம்பாக்கத்தில் இருந்தபடி ஒரு கவிஞருக்கு வானில் இடம் தந்தார் என்பதற்காகவேனும் இந்த அவை போக்சனை நினைத்துக்கொள்ளலாம். 1866இல் 87 சில்வியா, 1885 பிப்ரவரியில் 245 வேரா. இவற்றுள் சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்பது 2005இல் தெரிய வந்தது; இரு நிலவுகள் உடையதாக முதலில் அறியப்பட்ட சிறுகோள் அது.

ஆசியா என்ற அந்தச் சொல்லுக்கு அதே வளாகத்தில் இன்னொரு சான்றும் உண்டு. கூடம் கட்டிய காலத்தில் கருவியைத் தாங்குவதற்காக நிறுத்திய 15 அடி உயரக் கருங்கல் தூண் அங்கே இருக்கிறது. அதில் தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்தனர். பிரித்தானியரின் பெருந்தன்மையால் கணித அறிவியல் ஆசியாவில் முதன்முதலாக ஊன்றப்பெற்ற காலத்தைப் பின்வரும் தலைமுறைகள் அறிய வேண்டும் என்பது அதன் கருத்து. தமிழிலேயே பொறித்துத் தமிழனுக்குக் கணிதம் இல்லை என்று சொல்லிவிட்டனர். சினம் கொள்ளத் தேவையில்லை. அதற்கு விடை அவர்கள் கூட்டத்தாரிடமிருந்தே வந்தது. அதே கூடத்தில் பணியாற்றிய ஜான் வாரன் என்னும் அதிகாரி 1825ஆம் ஆண்டில், இங்கிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள புதுச்சேரியில், பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரைக் கண்டார். அந்த மனிதர் தாளும் எழுதுகோலும் இன்றித் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வாரன் அதைத் தம் 'காலசங்கலித' என்ற நூலில் எழுதி வைத்தார். 20ஆம் நூற்றாண்டில் அறிவியல் வரலாற்றறிஞர் ஆட்டோ நியூகெபவர் அதனை எடுத்து ஆராய்ந்து, பழம் பாபிலோனியக் கணக்குமுறையோடு ஒப்பிட்டார். தூணைப் பார்க்கச் செல்வோர் அந்தச் சோழிகளையும் நினைத்துக்கொண்டு செல்வது நல்லது.

போக்சன் காலத்துக்குத் திரும்புவோம். அக்கூடத்தில் இரவுதோறும் கருவியின்முன் இருந்தோருள் முதல்நிலை உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டு சொன்னவர் அவர். இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராக 1872இல் ஏற்கப்பெற்றார். 1874இல் வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்தபோது, அதனை நம் மக்களுக்கு விளக்க இந்திய மொழிகள் சிலவற்றில் சிறுநூல் வெளியிட்டார். சிறுகோள்களின் கண்டுபிடிப்பு ஏட்டிலோ சென்னையின் வரிசைகளில் எல்லாம் போக்சன் பெயர் மட்டுமே உண்டு. அது அக்காலத்து நடைமுறை. கண்டவரே பெயரிடுவார், கண்டவர் என்று எழுதப்படுபவர் கூடத்தின் தலைவர். இன்னொன்றும் சொல்லலாம். போக்சன் இந்தியாவுக்கு வருமுன் ஆக்ஸ்போர்டில் 1856இல் கண்ட 42ஆவது சிறுகோளுக்கு ஐசிஸ் என்று பெயர் அமைந்தது. அது அவர் மகளின் பெயருமாகும். அந்த மகள் வளர்ந்து இதே சென்னைக் கூடத்தில் பல்லாண்டு உதவியாளராக உழைத்தார். தன் பெயரில் வானில் ஒரு கோள் சுற்றிக்கொண்டிருந்தபோதும், பெண் என்பதால் அரச வானியல் கழகத்தின் கதவு 1920 வரை அவருக்குத் திறக்கவில்லை. பெயர் கிடைப்பது வேறு, இடம் கிடைப்பது வேறு.

வேராவுக்குப் பின் நூறாண்டுக்கு மேல் நம் மண்ணில் ஒரு சிறுகோளும் கண்டெடுக்கப்படவில்லை. அந்த மௌனத்தைக் கலைத்த இடம் நமக்கு மிக அருகில் உள்ளது. திண்டிவனத்திலிருந்து வடமேற்கே நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஜவ்வாது மலையில் காவலூர். வைணு பாப்பு என்னும் வானியலறிஞர் 1960களின் இறுதியில் அங்கே கூடம் அமைத்தார். 1982இல் அவர் மறைந்தபின், 1986இல் அது அவர் பெயரையே பெற்றது. அங்குள்ள 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கி வானத்தின் அகன்ற பரப்பை ஒரே படத்தில் பிடிக்க வல்லது. அதனைக் கொண்டு சிறுகோள்களையும் வால்மீன்களையும் தேடும் திட்டம் ஒன்றை இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ராஜமோகன் தலைமையில் 1987இல் தொடங்கினர். திட்டத்துக்கு இட்ட பெயர் கல்கி. பத்தாம் அவதாரத்தை எண்ணியே வைத்தனர். ஆயினும் நம்மவர் காதில் அச்சொல் விழுந்தால் 'சிவகாமியின் சபதம்' அல்லவா நினைவுக்கு வரும்!

1988 பிப்ரவரி 17 அன்று அமாவாசை. மாசி அமாவாசை என்றால் நம் மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை; மேல்மலையனூர் அங்காளம்மன் திருவிழாவுக்குப் பேருந்து பேருந்தாக மக்கள் செல்லும் காலம். வானியலாருக்கும் அது திருநாளே. நிலவொளி இல்லாத இரவில்தான் மங்கிய புள்ளிகள் படத்தில் விழும். மழைக்காலம் முடிந்து மலையில் மேகமும் குறைந்திருக்கும் பருவம். ஒரே வானப்பகுதியை இடைவெளி விட்டு இருமுறை படம் எடுப்பர். இரண்டையும் ஒப்பிட்டால் விண்மீன்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். சிறுகோள் மட்டும் சற்றே தள்ளி நிற்கும். ஞாயிற்றுக்கு நேரெதிர்த் திசையில் நிற்கும்போது அது பூமிக்கு அருகிலும் ஒளி மிகுந்தும் இருக்கும். அவ்வேளையில் அது மேற்கு நோக்கிப் பின்வாங்குவது போலவும் தோன்றும். பஞ்சாங்கக்காரர் வக்கிரகதி என்று சொல்வது இதைத்தான்.

அன்றிரவு கிடைத்த புள்ளிக்கு உடனே பெயர் வந்துவிடவில்லை. முதலில் 1988 டி.க்யூ.1 என்று ஒரு தற்காலிகக் குறி. இக்குறியின் இலக்கணம் சுவையானது. ஆண்டை இருபத்து நான்கு அரைமாதங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. 'டி' என்றால் பிப்ரவரியின் பிற்பாதி. அடுத்த எழுத்து, அந்த அரைமாதத்தில் எத்தனையாவது கண்டுபிடிப்பு என்பதைச் சொல்லும். 'ஐ'யை விலக்கி எண்ணினால் 'க்யூ' பதினாறாவது. பின்னால் நிற்கும் 1, இருபத்தைந்து எழுத்துகளும் ஒருமுறை தீர்ந்து மறுசுற்று வந்ததைக் குறிக்கும். ஆக, உலகெங்கும் அந்த அரைமாதத்தில் அறிவிக்கப்பட்டவற்றுள் காவலூர்ப் புள்ளி 41ஆவது. இதன் இருப்பிடங்களை அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள சிறுகோள் மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே பாதையைக் கணிப்பர். பழைய படங்களில் அதே பொருள் தவறிப்போய்ப் பதிவாகியுள்ளதா என்று தேடுவர். பாதை ஐயமற உறுதிப்பட்ட பின்னரே நிலையான எண். எண் பெற்ற பின்னரே கண்டவர் பெயரை முன்மொழியலாம். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு அதை ஏற்க வேண்டும். பதினாறு எழுத்துக்கு மேற்படாமை, ஒலிக்க எளிதாதல், வணிகப் பெயர் ஆகாமை என்று விதிகள் உண்டு. அரசியலாரும் படைத்தலைவரும் மறைந்து நூறாண்டு கழிய வேண்டும். இந்த விதி நம் ஊர்த் தெருப் பெயர்களுக்கும் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கணிதமேதை ராமானுஜனின் நூற்றாண்டு நிறைவு 1987 டிசம்பர் 22. இரண்டு மாதத்துக்குள் கிடைத்த கோளுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதே 1988இன் தொடக்கத்தில் காவலூரில் கண்ட வேறு இரண்டும் பிற்பாடு எண் பெற்று, 7564 கோகுமேனன் என்றும் 8348 பட்டாச்சார்யா என்றும் இரண்டு இந்திய அறிவியலாரின் பெயரைத் தாங்குகின்றன.

இனி, இந்தப் பெயருக்கும் நம் ஊருக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும். 1910ஆம் ஆண்டில் ராமானுஜன் கல்லூரித் தேர்வில் தோற்றவர், மணமானவர், வேலையற்றவர். கும்பகோணத்திலிருந்து புகைவண்டி ஏறி விழுப்புரத்தில் இறங்கி, வண்டி மாறித் திருக்கோவலூருக்குச் சென்றார். அன்று தென்னாற்காடு மாவட்டம். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். கபிலர் குன்று நிற்கும் அந்தப் பெண்ணையாற்றங்கரை ஊரில் அப்போது துணை ஆட்சியராக இருந்தவர் வி. ராமசுவாமி அய்யர்; 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். ராமானுஜன் கேட்டது ஓர் எழுத்தர் வேலை. காட்டியது தம் குறிப்பேடுகள். ஏட்டைப் புரட்டிய அய்யர், வருவாய்த் துறையின் அடிப்படியில் இவரை அமர்த்தினால் இந்த மேதைமை மூச்சடங்கிப்போகும் என்று கருதி, வேலை தர மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், சென்னையில் உள்ள கணிதப் பேராசிரியர் சேஷு அய்யருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வேலை இல்லை என்று அரசு அலுவலர் சொன்ன செய்திகள் நம் நாட்டில் ஏராளம். வந்தவரின் நன்மைக்காகவே அப்படிச் சொன்னவர் எத்தனை பேர்?

அந்த விழுப்புரம் சந்திப்புக்கு இன்னொரு பயணியும் வந்ததுண்டு. 1896இல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட வேங்கடராமன் என்ற இளைஞர், பின்னாளில் ரமண மகரிஷி, எடுத்தது திண்டிவனத்துக்குச் சீட்டு. அவர் பார்த்த பழைய தேசப்படத்தில் விழுப்புரம்–காட்பாடிப் பாதை இல்லை. திண்டிவனமே அருகில் உள்ள நிலையமாகத் தெரிந்தது. வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர், விழுப்புரத்தில் இறங்கி மாறுக என்று திருத்தினார். திண்டிவனத்து அன்பர்கள் ஒரு மகரிஷியை விழுப்புரத்திடம் இழந்தது இப்படித்தான்! கூடங்களிலும் இதுதான் நடக்கிறது: கையில் உள்ள படத்தில் இல்லாதது, எதிரே இருக்கிறது.

சென்னை சென்ற ராமானுஜன் 1912 மார்ச்சில் துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு பிப்ரவரியில் அங்கு வந்த கில்பர்ட் வாக்கர் அவருடைய ஏடுகளைக் கண்டு, ஆய்வு உதவித்தொகை வழங்குமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அந்த வாக்கர் யார்? இந்திய வானாய்வுக் கூடங்களின் தலைமை இயக்குநர். கணிதத்தை நாங்கள்தான் ஊன்றினோம் என்று தூண் நட்ட கூடத்தின் வழிவந்த தலைவரே, கும்பகோணத்து எழுத்தரின் கணிதம் தம் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று உணர்ந்து கையெழுத்திட்டார். 1920 ஏப்ரல் 26 அன்று ராமானுஜன் மறைந்தது சேத்துப்பட்டில். தூண் நிற்கும் நுங்கம்பாக்கத்துக்கு அடுத்த பகுதி. வயது முப்பத்திரண்டு.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தமிழர் பெயர் தாங்கிய சிறுகோள்கள் வேறும் உண்டே, இதில் மட்டும் என்ன தனிச்சிறப்பு? உண்டு. 1958 சந்திரா நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்; கண்டது 1970இல் அர்ஜென்டினாவில். (1958 என்பது ஆண்டன்று, கோளின் எண்.) 4538 விஷியானந்த் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் பெயர், கண்டவர் ஜப்பானியர், பெயர் அமைந்தது 2015இல். அவை பிறர் நமக்குச் செய்த சிறப்பு, மகிழ்ந்து ஏற்கத்தக்கவை. ராமானுஜன் அப்படியன்று. தமிழ்நாட்டு மலையில், இந்நாட்டார் விழித்திருந்து கண்டு, அவர்களே முன்மொழிந்த பெயர். பெற்ற பெயருக்கும் இட்ட பெயருக்கும் உள்ள வேற்றுமை இது. 1861இல் பெயரிடும் உரிமை போக்சனிடம் இருந்தது, அவர் இரவுகளைச் செலவிட்டதாலும் அவர் கையில் கூடம் இருந்ததாலும். இரண்டும் சேர்ந்து நம் கைக்கு வர நூறாண்டு ஆயிற்று.

ரோமன் எழுத்தில்தானே ஏட்டில் நிற்கிறது என்றும் தமிழ்ப் பற்றாளர் சிலர் குறைபடுவர். நிற்கட்டும். வடமொழியில் அது ராமானுஜ. ஈற்றில் நிற்கும் 'ன்' தமிழ் தந்தது. எந்த நாட்டு வானியலாரும் அந்த னகர ஒற்றை ஒலிக்காமல் 4130இன் பெயரைச் சொல்ல இயலாது. அவருக்கு 1729 என்ற எண்ணல்லவா பொருத்தம் என்று கணித அன்பர் கேட்கக்கூடும். அது பெரில் என்ற சிறுகோளுக்கு முன்னமே போய்விட்டது; எண் வரிசைப்படியே வரும்.

இக்காலத்து நிலை பற்றி ஓரிரு சொற்கள். எண் பெற்ற சிறுகோள்கள் எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன. அவற்றுள் பெயர் பெற்றவை நூற்றுக்குச் சில. தானியங்கித் தொலைநோக்கிகளின் படங்களை இணையவழி பெற்று நம் பள்ளி மாணவர்களும் தேடுகின்றனர், சான்றிதழும் பெறுகின்றனர். பாராட்டத்தக்கதே. எனினும் 'மாணவி கோளைக் கண்டுபிடித்தார்' என்று நாளிதழ் எழுதும்போது, அது பெரும்பாலும் முதற்பதிவு மட்டுமே என்பதையும், எண்ணுக்கும் பெயருக்கும் பல்லாண்டு ஆகும் என்பதையும் ஆசிரியர்கள் அக்குழந்தைக்குச் சொல்லி வைக்க வேண்டும். இன்னொரு கூட்டம், பணம் கட்டினால் விண்மீனுக்கு உங்கள் பெயரை வைக்கிறோம் என்று அழகிய தாள் தருகிறது. அந்தத் தாளைச் சட்டமிட்டு மாட்டிக்கொள்ளலாம். எந்த வானியல் ஏட்டிலும் அது ஏறாது. வானில் பெயர் விலைக்கு இல்லை.

விழுப்புரம்–காட்பாடிப் பாதை திருக்கோவலூர், திருவண்ணாமலை, போளூர் வழியே வடக்கு நோக்கிச் செல்கிறது. ராமானுஜன் அதில் முதற்பகுதி வரைதான் பயணம் செய்தார். போளூர்ப் பக்கம் செல்லும்போது இடப்புறச் சன்னலில் தெரியும் மலைத்தொடர் ஜவ்வாது. காவலூர் அதன் உள்ளே இருக்கிறது. 4130 ராமானுஜன் வெறுங்கண்ணுக்கு எந்நாளும் தெரியாது, மலை தெரியும்.